கப்பாசிட்டரில் அச்சிடாத எண்: பழைய மதர்போர்டைப் பழுதுபார்க்க ஓர் அறிமுகம்

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில், வீங்கிப்போன கப்பாசிட்டர் ஒன்றை நீட்டி, "நானா, இதே போல் ஐந்து தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்ப்பார், "1500, 6.3 வோல்ட்" என்று வாசிப்பார், ஒரு பெட்டியைத் திறந்து எண்ணித் தந்துவிடுவார். அவர்மீது பிழை சொல்ல முடியாது. அதன்மேல் பெரிதாக அச்சிட்டிருப்பவை அந்த இரண்டு எண்கள்தான். கேட்டவரும் வேறெதையும் கேட்கவில்லை.

இரண்டு எண்களும் ஒத்துப்போனால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. கூரை மின்விசிறியின் கப்பாசிட்டரை மாற்றிப் பழகியவர்களிடமிருந்து அது வந்திருக்கலாம். விசிறிக்கு அந்த எண்ணம் சரியானதே. அங்கே மின்சாரம் நொடிக்கு 50 முறைதான் அலைகிறது. கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டிலோ, கப்பாசிட்டர் நொடிக்கு இரண்டு மூன்று இலட்சம் முறை நிரம்பி வடிகிறது. அந்த வேகத்தில் மூன்றாவது எண் ஒன்று மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அது கப்பாசிட்டரின்மேல் அச்சிடப்படுவதே இல்லை. அதனால்தான் "சரியான" கப்பாசிட்டர் போட்ட பலகைகள் சில நாட்கள் ஓடிவிட்டு மறுபடியும் படுத்துவிடுகின்றன. "பலகையே போய்விட்டது" என்று தீர்ப்பெழுதி, நல்ல பலகையைக் குப்பையில் போடுகிறார்கள்.

பழைய மதர்போர்டை இந்தக் காலத்தில் யார் பழுதுபார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கத்து அச்சகங்களை நினைத்துப் பார்க்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பேஜ்மேக்கரில் வடிவமைத்த பழைய கோப்புகளைத் திறக்க, பழைய விண்டோஸ் ஓடும் ஒரு பெட்டி தேவைப்படும். டொட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியில் பற்றுச்சீட்டு அடிக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் இதே நிலைதான். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறிய பிறகு, "புதிதாக வாங்கிவிடலாமே" என்ற அறிவுரையைச் சொல்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

கப்பாசிட்டர் எதற்காக இருக்கிறது?

வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே பம்பு, மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி. பம்பு விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது; ஆனால் எந்த நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் வருகிறது, தாங்கி இடையில் இருப்பதால். காலை ஆறரை மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தாலும் தாங்கி சமாளிக்கிறது.

கப்பாசிட்டர் செய்வதும் இதுதான். விட்டுவிட்டு வரும் மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது கேட்ட அளவில் கொடுக்கிறது. தாங்கி எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பதுபோல, கப்பாசிட்டர் எவ்வளவு மின்னேற்றத்தைப் பிடிக்கும் என்பதைக் கொள்ளளவு சொல்கிறது. அதை மைக்ரோஃபாரட்டில் அளக்கிறார்கள். தாங்கியின் சுவர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதுபோல, கப்பாசிட்டர் எவ்வளவு மின்னழுத்தம்வரை உடையாமல் நிற்கும் என்பதை வோல்ட் எண் சொல்கிறது.

இப்போது தாங்கியிலிருந்து இறங்கும் குழாயைப் பாருங்கள். ஆயிரம் லீற்றர் தாங்கியாக இருந்தாலும், அதிலிருந்து இறங்குவது விரல் அளவுக் குழாய் என்றால், ஆறரை மணிக்குக் கீழ்வீட்டில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். தாங்கி நிறைய இருக்கிறது, ஆனால் கொடுக்க முடியவில்லை. கப்பாசிட்டருக்குள்ளும் அப்படி ஓர் இடுக்கு இருக்கிறது. அதற்குள் நுழையும், வெளியேறும் மின்னோட்டம் எல்லாம் கடக்க வேண்டிய அந்த உள்தடையை இ.எஸ்.ஆர். என்கிறார்கள். அளவு மில்லிஓம், அதாவது ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் சிறிதாக இருந்தால் வழி அகலம். பெரிதாக இருந்தால் வழி ஒடுக்கம்.

இதுவரை: கொள்ளளவும் வோல்ட்டும் கப்பாசிட்டரின்மேல் அச்சிட்டிருக்கும். இ.எஸ்.ஆர். அச்சிட்டிருக்காது. மதர்போர்டில் பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வது அச்சிடாத எண்.

ப்ராசஸருக்குப் பக்கத்தில் நடப்பது

மின்வழங்கிப் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று வருகிறது. கணினியின் மூளையான ப்ராசஸருக்கு இவற்றில் எதுவும் உதவாது. பென்டியம் 4 காலத்து ப்ராசஸர்களுக்கு 1.5 வோல்ட் அளவில்தான் வேண்டும். 12ஐ 1.5ஆகக் குறைத்துக்கொடுக்கும் சுற்றுக்கு ரெகுலேட்டர் என்று பெயர். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் செப்புக் கம்பிச் சுருள்களும், சிறிய கறுப்புச் சதுரங்களான ட்ரான்சிஸ்டர்களும், வரிசையாக நிற்கும் கப்பாசிட்டர்களும் சேர்ந்ததுதான் அது.

ட்ரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச்போல வேலை செய்கிறது. 12 வோல்ட்டை ஒரு கணம் திறந்துவிட்டு உடனே மூடுகிறது. எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து, ஏழு பங்கு நேரம் மூடியிருந்தால், சராசரி 1.5 வோல்ட். இந்தத் திறப்பும் மூடலும்தான் நொடிக்கு இரண்டு மூன்று இலட்சம் முறை நடக்கின்றன. அந்த வெட்டு வெட்டான மின்சாரத்தைச் சுருளும் கப்பாசிட்டரும் சேர்ந்து சமன் செய்து ப்ராசஸருக்குக் கொடுக்கின்றன.

இதில் இரண்டு கூட்டம் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. 12 வோல்ட் வரும் வாசலில் நிற்பவை உள்வாயில் கப்பாசிட்டர்கள். பெரும்பாலும் 16 வோல்ட் வகை. சுருளுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே நிற்பவை வெளிவாயில் கப்பாசிட்டர்கள்; பெரும்பாலும் 6.3 வோல்ட் வகை, 1500 முதல் 3300 மைக்ரோஃபாரட்வரை. இன்னும் பழைய பலகைகளில் ரெகுலேட்டருக்கு 12 வோல்ட்டுக்குப் பதிலாக 5 வோல்ட் வரும். அங்கே வாசலிலும் 6.3 அல்லது 10 வோல்ட் வகையைக் காணலாம். வீங்கிப்போய்க் கடைக்கு வருபவற்றில் மிகுதியானவை இந்த இரண்டு கூட்டத்தையும் சேர்ந்தவைதான். காரணம் கீழே வரும் கணக்கில் தெரியும்.

ஒரு சிறிய கணக்கு

60 வாட் எடுக்கும் ப்ராசஸர், 1.5 வோல்ட். அறுபதை ஒன்றரையால் வகுத்தால் 40 ஆம்பியர். வீட்டுச் சுவரில் இருக்கும் சதுர முள் செருகியின் உருகி 13 ஆம்பியர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த எண்ணின் பருமன் புரியும். அதிலும் ப்ராசஸர் சீராக எடுப்பதில்லை. சும்மா இருந்தது, ஒரு மென்பொருளைத் திறந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் 20 ஆம்பியர் கூடுதலாக இழுக்கும்.

வெளிவாயிலில் ஐந்து கப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றும் 20 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். பக்கம்பக்கமாக இணைக்கும்போது தடை ஐந்தில் ஒன்றாகிறது: 4 மில்லிஓம். 20 ஆம்பியர் அதன் வழியாகப் பாய்ந்தால் விழும் மின்னழுத்தம் 80 மில்லிவோல்ட். 1.5 வோல்ட் அந்தக் கணத்தில் 1.42 ஆகிறது. ப்ராசஸர் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

அதே இடத்தில், அதே 1500, அதே 6.3 என்று அச்சிட்ட சாதாரண வகை ஐந்தைப் போடுகிறீர்கள். அவை ஒவ்வொன்றும் 100 மில்லிஓம் என்று கொள்வோம். மொத்தம் 20 மில்லிஓம். விழுவது 400 மில்லிவோல்ட். ப்ராசஸருக்கு எஞ்சுவது 1.1 வோல்ட். கணினி உறைந்துபோகும், தானாக மறுபடி தொடங்கும், நீலத்திரை காட்டும். மென்பொருள் பிழை என்று நினைத்து விண்டோஸை மூன்று முறை மீள நிறுவிப் பார்ப்பவர்கள் உண்டு. உண்மையான பலகையில் சிறிய செராமிக் கப்பாசிட்டர்களும் துணைக்கு இருப்பதால் கணக்கு இவ்வளவு முரட்டுத்தனமாக இராது. ஆனால் திசை இதுதான்.

இரண்டாவது விளைவு சூடு. கப்பாசிட்டருக்குள் இடைவிடாமல் போய்வரும் மின்னோட்டத்துக்கு அலை மின்னோட்டம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தடைக்குள் மின்னோட்டம் ஓடினால் சூடு பிறக்கும்; சூட்டின் அளவு மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது. 2 ஆம்பியர் அலை, 20 மில்லிஓம்: 0.08 வாட். அதே அலை, 100 மில்லிஓம்: 0.4 வாட். ஐந்து மடங்கு சூடு, சுண்டுவிரல் நகத்தின் அகலமுள்ள ஒரு டப்பாவுக்குள்.

ஒன்றைக் கவனியுங்கள். பக்கம்பக்கமாக நிற்கும் கப்பாசிட்டர்களில் மின்னோட்டம் தடை குறைந்ததைத்தான் தேடிப்போகும். ஐந்தில் ஒன்று மட்டும் வீங்கியிருக்கிறது என்று அதை மட்டும் மாற்றினால், உள்ளே காய்ந்துபோன மற்ற நான்கின் சுமையும் புதிதின் தலையில் விழும். அதனால்தான் ஒரு கூட்டத்தில் ஒன்று போனால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒரே வகையால் மாற்ற வேண்டும். "மற்றவை நன்றாகத்தானே இருக்கின்றன" என்று மிச்சம் பிடிப்பது மிச்சம் அல்ல.

ஏன் வீங்குகிறது?

டப்பாவுக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தாளின்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். அதுதான் மின்சாரம் நேராகக் கடந்துவிடாமல் தடுக்கிறது. இரண்டு தாள்களுக்கும் நடுவே திரவத்தில் ஊறிய காகிதம். மின்சாரத்தைக் கடத்தும் அந்தத் திரவத்துக்கு மின்பகுதிரவம் என்று பெயர். அடியில் ரப்பர் அடைப்பு. தலையில் சிலுவை வடிவிலோ ஆங்கில கே எழுத்தின் வடிவிலோ ஒரு கீறல். உள்ளே அழுத்தம் கூடினால் டப்பா வெடிக்காமல், அந்தக் கீறல் பிளந்து வழிவிடும்.

திரவம் நன்றாகக் கடத்தினால் இ.எஸ்.ஆர். குறையும். நன்றாகக் கடத்தவைக்க எளிய வழி, தண்ணீரின் பங்கைக் கூட்டுவது. ஆனால் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும். அதைத் தடுக்கச் சில இரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். 1999 அளவிலிருந்து 2007 அளவுவரை சந்தைக்கு வந்த பல கப்பாசிட்டர்களில் இந்தச் சேர்மானம் சரியாக அமையவில்லை. அலுமினியமும் தண்ணீரும் சேர்ந்து ஐதரசன் வாயுவை உண்டாக்கின. டப்பாக்கள் வீங்கின, கசிந்தன. கணினி உலகம் இதைக் "கப்பாசிட்டர் கொள்ளைநோய்" என்றே அழைத்தது. பெரிய பெயர்களும் தப்பவில்லை: ஆப்டிப்ளெக்ஸ் கணினிகளைப் பழுதுபார்க்க 2005இல் டெல் நிறுவனம் 300 மில்லியன் டொலர் அளவுக்குக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. இன்று நம் கையில் இருக்கும் பழைய பலகைகளில் பெரும்பங்கு அந்தக் காலத்தவை.

நல்ல தயாரிப்பானாலும் திரவம் ரப்பர் வழியாக மெல்ல மெல்ல ஆவியாகத்தான் செய்யும். காயக்காய இ.எஸ்.ஆர். ஏறும், ஏற ஏறச் சூடு கூடும், சூடு கூடக்கூட இன்னும் வேகமாகக் காயும். அதனால்தான் பல ஆண்டுகள் ஓசையின்றி இருந்த பலகை கடைசி மாதத்தில் சரசரவென்று சரிந்துவிடுகிறது.

வீங்காமலே சாகும் கப்பாசிட்டரும் உண்டு. தலை தட்டையாக இருக்கும். உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. சிலவற்றில் ரப்பர் அடைப்பு கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, கப்பாசிட்டர் சற்றே சாய்ந்து நிற்கும். மாறாக, அடியில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பசை தெரிந்தால் அது கசிவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தொழிற்சாலையிலேயே ஆடாமல் இருக்க ஒட்டிய பசையாகவும் இருக்கலாம். சாதாரண மல்டிமீட்டரின் கொள்ளளவு அளவியை நம்பிவிடாதீர்கள். அது மெதுவான வேகத்தில் அளக்கிறது, இ.எஸ்.ஆர். பத்து மடங்கு ஏறிய கப்பாசிட்டரையும் "1450, நலம்" என்று காட்டிவிடும். இ.எஸ்.ஆர். அளவி என்று தனிக் கருவி உண்டு.

இதுவரை: இ.எஸ்.ஆர். ஏறினால் ப்ராசஸருக்கு மின்னழுத்தம் தளும்பும், கப்பாசிட்டரும் சூடாகும். சூடு அதை இன்னும் கெடுக்கும். வீக்கம் இதன் வெளி அடையாளம் மட்டுமே. வீக்கம் இல்லாததற்கு நலம் என்று பொருள் இல்லை.

சூடும் கொழும்பும்

கப்பாசிட்டரின் பக்கவாட்டில் 85 அல்லது 105 பாகை செல்சியஸ் என்று ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். அது "இதற்குமேல் உருகிவிடும்" என்ற எல்லையல்ல. அந்த வெப்பநிலையிலேயே வைத்திருந்தால் குறிப்பிட்ட மணிநேரம் உழைக்கும் என்ற வாக்குறுதி. மணிநேரம் வகைக்கு வகை மாறும். 1000, 2000, 5000, 10000 என்றெல்லாம் உண்டு. திரவ வகைக் கப்பாசிட்டருக்கு ஏறக்குறையச் செல்லுபடியாகும் விதி: வெப்பநிலை 10 பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும்.

105 பாகையில் 2000 மணிநேரம் என்ற கப்பாசிட்டர் 65 பாகையில் இருந்தால், நான்கு முறை இரட்டித்து 32000 மணிநேரம். நாளுக்கு எட்டு மணிநேரம் ஓடும் அலுவலகக் கணினியில் அது ஏறத்தாழ 11 ஆண்டுகள். 85 பாகையில் 2000 மணிநேரம் என்றதை அதே இடத்தில் வைத்தால் 8000 மணிநேரம். மூன்று ஆண்டுகள்கூட இல்லை. மதர்போர்டுக்கு 85 பாகை வகையை வாங்கவே வாங்காதீர்கள்.

இங்கே நம் ஊரும் கணக்கில் வருகிறது. குளிர்நாட்டு அறையில் 21 பாகையில் ஓடும் கணினியையும், கொழும்பில் குளிரூட்டி இல்லாத அறையில் 31 பாகையில் ஓடும் கணினியையும் ஒப்பிடுங்கள். பெட்டிக்குள்ளும் அதே 10 பாகை வித்தியாசம் தொடர்கிறது, ஆயுள் பாதி. விசிறியில் தூசு அடைத்திருந்தால் இன்னும் மோசம். கப்பாசிட்டருக்குச் செலவழிக்கும் முன் அந்த விசிறியைத் துடைப்பது நல்லது. கடற்கரை ஓரம் இருப்பவர்கள், கசிந்த பலகையை ஐசோப்ரோப்பைல் அற்ககோலால் கழுவித் துடைத்துவிட்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். கசிந்த திரவமும் உப்புக்காற்றும் சேர்ந்தால் செப்புத் தடங்கள் பச்சை பூத்துவிடும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

வோல்ட் எண் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். குறையக் கூடாது. 6.3க்குப் பதிலாக 10 போடலாம். மிகக் கூடினால் டப்பா பெருத்துவிடும், இடம் போதாது. வேறு கெடுதல் இல்லை.

கொள்ளளவு சமமாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் கொஞ்சம் கூடலாம். 1500க்கு 1800 போட்டால் எதுவும் ஆகாது. இந்த வகைக் கப்பாசிட்டர்களின் கொள்ளளவே 20 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றுதான் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே எண்ணைத் துல்லியமாகப் பொருத்துவதில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கால்களின் இடைவெளி பலகையின் துளைகளுக்குப் பொருந்த வேண்டும்: 8 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 3.5, 10 மில்லிமீற்றருக்கு 5. உயரத்தையும் பாருங்கள். ப்ராசஸரின் குளிர்விப்பான் மேலே வந்து இடிக்கும் இடங்கள் உண்டு.

இனி அச்சிடாத எண். அதை எங்கே தேடுவது? கப்பாசிட்டரின்மேல் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு அல்லது மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதேயில்லை. அது தொடரின் பெயர். நிறுவனத்தின் பெயரைவிட அதுதான் முக்கியம், ஏனெனில் ஒரே நிறுவனம் மின்விளக்குக்கு ஏற்ற மட்டமான தொடரையும் மதர்போர்டுக்கு ஏற்ற உயர்ந்த தொடரையும் தயாரிக்கிறது. "ஜப்பான் கப்பாசிட்டர்தான் போட்டேன்" என்று சொல்வது "டொயோட்டா வாங்கினேன்" என்பதைப் போலத்தான். காரா, லொறியா என்று தெரியவில்லை.

நிறுவனத்தின் பெயரையும் தொடரின் எழுத்துகளையும் இணையத்தில் தட்டினால் தரவுத்தாள் கிடைக்கும். அந்தத் தொடரின் எல்லா அளவுகளையும் அட்டவணையாகத் தரும் ஆவணம் அது. அதில் 100 கிலோஹேர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஓர் இலட்சம் அலை என்ற வேகத்தில், அளந்த மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) என்று ஒரு நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். நம் தேவைக்கு அந்த எண்ணையும் இ.எஸ்.ஆரையும் ஒன்றாகவே கொள்ளலாம். அந்த நிரலே இல்லை, 120 ஹேர்ட்ஸில் அளந்தது மட்டும்தான் இருக்கிறது என்றால், அது சாதாரண வகை. மூடிவைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். என்னிடம் ஒரே ஓர் அறிவுரைக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

பழைய தொடரின் தரவுத்தாளையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இ.எஸ்.ஆர். சமமாகவோ குறைவாகவோ, அலை மின்னோட்ட எண் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது பொருந்தும். மதர்போர்டுக்கென்றே செய்த பழைய தொடர்கள் பல இப்போது தயாரிப்பில் இல்லை. பானசோனிக் எஃப்.ஆர்., எஃப்.எம். தொடர்களும் ரூபிகான் இசட்.எல்.எச். தொடரும் இ.எஸ்.ஆர். குறைந்த பொதுவகையில் நல்லவை. பலகையின் மற்ற இடங்களுக்குத் தாராளமாகப் போதும். ப்ராசஸரின் வெளிவாயிலில் மட்டும் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள், ஏனெனில் அங்கே இருந்த மூலவகை இவற்றைவிடக் குறைந்த இ.எஸ்.ஆர். கொண்டதாக இருக்கலாம்.

திடவகை போடலாமா?

புதிய பலகைகளில் பிளாஸ்டிக் உறை இல்லாத, தலையில் கீறல் இல்லாத, வெள்ளி நிறக் குட்டை டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் திரவத்துக்குப் பதிலாக மின்கடத்தும் பொலிமர் இருக்கிறது. காய்வதற்கு ஒன்றும் இல்லை. இ.எஸ்.ஆர். 5 முதல் 10 மில்லிஓம் அளவில். ஆயுளும் நீளம், 20 பாகை குறைந்தால் பத்து மடங்கு என்பது அவற்றுக்கான கணக்கு.

"ஆனால் 1500க்குப் பதில் 820தானே கிடைக்கிறது" என்று தயங்குவார்கள். இங்கேதான் தாங்கியையும் குழாயையும் நினைவில் வைத்திருப்பது உதவும். வெளிவாயிலில் அவ்வளவு பெரிய தாங்கி வைத்ததற்கு ஒரு காரணம், பெரிய டப்பாவில்தான் இ.எஸ்.ஆர். குறையும் என்பது. அகலக் குழாய் தனியாகக் கிடைத்துவிட்டால் தாங்கி சிறுத்தாலும் நடக்கும். ஆகவே ப்ராசஸரின் வெளிவாயிலில் 1500க்குப் பதிலாக 6.3 வோல்ட், 820 மைக்ரோஃபாரட் பொலிமர் வகையை, கூட்டம் முழுவதற்கும் சேர்த்துப் போடலாம். இந்தச் சலுகை அந்த இடத்துக்கு மட்டும். பலகையின் மூலைகளில் தனியாக நிற்கும் சிறிய கப்பாசிட்டர்களுக்குப் பொலிமர் வேண்டாம். சில எளிய ரெகுலேட்டர்கள் நிலையாக ஓட, வெளிவாயிலில் கொஞ்சம் இ.எஸ்.ஆர். இருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை.

எங்கே வாங்குவது?

கடினமான கேள்வி இதுதான். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக்குரிய பாகங்கள் எல்லாம் கிடைக்கும். ஆனால் உதிரிக் கப்பாசிட்டர் என்றால் புறக்கோட்டைக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைப்பவற்றில் நல்லதும் உண்டு, புகழ்பெற்ற பெயரை ஒட்டிய போலியும் உண்டு. போலியில் பெரிய டப்பாவுக்குள் சிறிய கப்பாசிட்டரை வைத்து மூடியிருப்பதும் உண்டு. கையில் எடுத்தால் எடை குறைவாகத் தெரியும். தொடரின் எழுத்துகளே இல்லாமல் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். தரவுத்தாளில் 10 மில்லிமீற்றர் விட்டம் என்றிருப்பது கையில் 8 ஆக இருந்தாலும் அப்படியே. பல ஆண்டுகளாகப் பெட்டியில் கிடந்த பழைய சரக்கும் வேண்டாம். பயன்படுத்தாமல் வைத்தாலும் ஒட்சைட்டுப் படலம் நலியும்.

வெளிநாட்டு விநியோகத்தரிடம் நேரடியாகத் தருவித்தால் அசல் கிடைக்கும். கூரியர் கட்டணம் கப்பாசிட்டரின் விலையை விழுங்கிவிடும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து தருவிப்பது வழக்கம். மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது, சிலர் முகம் சுளிப்பார்கள்: இறந்துபோன புதிய மதர்போர்டிலிருந்தோ கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்தோ பொலிமர் கப்பாசிட்டர்களைக் கழற்றி எடுப்பது. திரவ வகையை ஒருபோதும் அப்படி எடுக்கக் கூடாது. பொலிமர் காய்வதில்லை என்பதால், போலியான புதிதைவிடப் பழைய அசல் பொலிமரையே நான் நம்புவேன்.

இதுவரை: தொடரின் எழுத்துகளைப் பார்த்து, தரவுத்தாளில் 100 கிலோஹேர்ட்ஸ் நிரலை ஒப்பிட்டு, 105 பாகை வகையாக, கூட்டம் முழுவதற்கும் ஒரே வகையாக வாங்குங்கள்.

சோல்டரிங் அயனை எடுக்கும் முன்

முதலில் மூன்று சோதனைகள். நேரமும் திகதியும் தவறிப்போவது மட்டும்தான் குறை என்றால், மாற்ற வேண்டியது சி.ஆர்.2032 பட்டன் பற்றரியை, கப்பாசிட்டரை அல்ல. அடுத்து, வேறொரு நல்ல மின்வழங்கியைப் பொருத்திப் பாருங்கள். தளும்பும் மின்வழங்கி, புதிதாகப் போட்ட கப்பாசிட்டரையும் கொன்றுவிடும். ஆனால் மின்வழங்கிப் பெட்டியைத் திறக்காதீர்கள்: 230 வோல்ட் நேர்மின்னாக மாறும்போது உள்ளே 325 வோல்ட்வரை ஏறியிருக்கும், செருகியைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் நிற்கும். மதர்போர்டில் அந்த ஆபத்து இல்லை. மூன்றாவதாக, பலகையை எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவையுங்கள்.

படம் எதற்கென்றால், துருவத்துக்கு. இந்தக் கப்பாசிட்டர்களுக்கு நேர், எதிர் உண்டு. திரவ வகையின் பக்கவாட்டில் உள்ள பட்டையும், பொலிமர் வகையின் தலையில் உள்ள வண்ணப் பிறையும் எதிர்முனையைக் காட்டும். பலகையில் வட்டத்தின் பாதியை நிரப்பி அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலான பலகைகளில் நிரப்பிய பாதி எதிர்முனை. எல்லாவற்றிலும் அல்ல. அச்சை நம்பாமல், கழற்றும் முன் பழையது எப்படி நின்றது என்பதை நம்புங்கள்.

கால்களைப் பலகையோடு பற்றவைக்கும் சோல்டரிங் அயன் 25 வாட் என்றால், கழற்றும் வேலை நடக்காது. பலகைக்குள் அடுக்கடுக்காகச் செப்புத் தகடுகள் இருக்கின்றன. எதிர்முனைக் கால் அவற்றோடு இணைந்திருப்பதால் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். 60 வாட் நல்லது. ஈயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய விதி 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் பலகைகள் பெரும்பாலும் ஈயமில்லாச் சோல்டரில் செய்யப்படுகின்றன. அது உருக 217 பாகை அளவில் வேண்டும். ஈயம் கலந்த சோல்டர் 183 பாகையிலேயே உருகும். ஆகவே கழற்றும் முன் பழைய பற்றின்மேல் கொஞ்சம் ஈயச் சோல்டரை உருக்கி விடுங்கள். இரண்டும் கலந்து இளகும். ஒரு காலைச் சூடாக்கிச் சற்றுச் சாய்த்து, மற்றக் காலைச் சூடாக்கி மறுபுறம் சாய்த்து, மெல்ல மெல்ல வெளியே எடுங்கள். இழுத்தால் துளைக்குள் இருக்கும் செப்பு உறையும் சேர்ந்து வந்துவிடும்; அதன்பின் அந்தப் பலகையை மீட்பது பெரும்பாடு.

எல்லாம் போட்டு முடித்ததும், மின்சாரம் கொடுக்கும் முன், ஒவ்வொரு கூட்டத்தின் இரு முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டரால் தடையை அளந்து, உள்வாயிலில் குறுஞ்சுற்று இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ப்ராசஸர் பொருத்தியிருந்தால் வெளிவாயிலில் தடை மிகக் குறைவாகக் காட்டுவது இயல்பு; அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிறகு பலகையை மேசையில் வைத்து, ஹார்ட் டிஸ்க் இல்லாமல், ஒரேயொரு ரேம் அட்டையோடு இயக்கிப் பாருங்கள். முதல் நிமிடத்தில் முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள். கணினி தொடங்கும்போது முதலில் தோன்றும் பயாஸ் திரை வந்தபின் அரை மணிநேரம் ஓடவிட்டு நிறுத்தி, கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால், அதன் துருவத்தை எடுத்துவைத்த படத்தோடு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.